எட்டு ஓம் ஸ்டிக்கர்

"கிழிஞ்சது போ!" என்றார் மாமனார்.

நிஜமாகவே கிழிந்துதான் இருந்தது. வலது ஸ்பீக்கர் பெட்டியில் இருந்த வூஃபர், அந்தப் பெரிய கறுப்புக் கூம்பு, நட்டநடுவில் வாயைப் பிளந்து பல்லிளித்தது.

மாப்பிள்ளை பெட்டியை விட்டு இரண்டடி பின்வாங்கினான். அவன் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டாவது மாடியில் அந்தரத்தில் தொங்கியபோதுகூட இப்படிப் பயந்ததில்லை. மாமியார் வீட்டில் இல்லாத தைரியத்தில் சத்தத்தை முழுசாகத் திருகியது அவன் கைதான்.

மாமியார் வானொலி நிலையத்தில் முப்பது வருஷம் ஒலிப்பதிவு செய்து ஓய்வு பெற்றவர். அடுத்த அறையில் குண்டூசி விழுந்தால், தலை முதலில் தரையில் பட்டதா, முனையா என்று சொல்லிவிடுவார். மகளோடு வெளியூர் கிளம்பும்போது அவர் சொல்லிவிட்டுப் போனது ஒன்றே ஒன்று: "என் பெட்டி மேல யாரும் கை வெக்கக் கூடாது."

நான்கு மணிக்குத் திரும்புகிறார். இப்போது மணி பத்து.

வூஃபரைக் கழற்றி மீட்டரை வைத்தான். மின்தடை மூன்றரை ஓம். பின்னால் காந்தத்தின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் எட்டு ஓம்.

"பாத்தீங்களா மாமா? உள்ளே கருகி, எட்டு பாதிகூட இல்லாமப் போயிடுச்சு!"

மாமனார் மீட்டரை எட்டிப் பார்த்தார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். பதில் தெரிந்தும் கை தூக்காத மாணவன் மாதிரி நின்றார்.

கடையில் அந்த அளவுக்கு நாலு ஓம் வூஃபர்தான் கிடைத்தது. கடைக்காரர் விரலை ஆட்டி எச்சரித்தார். "உள்ளே கிராஸ்ஓவர்னு ஒரு போர்டு இருக்கும். கனத்த சத்தத்தை வூஃபருக்கும், கீச்சு சத்தத்தை சின்ன ட்வீட்டருக்கும் பிரிச்சு அனுப்பறது அதுதான். அது எட்டு ஓமுக்குப் போட்ட கணக்கு. நாலுக்கு மாத்தணும்னா காயில் மதிப்பு பாதி, கப்பாசிட்டர் ரெண்டு மடங்கு. மாத்தாம மாட்டினா என்னைக் கேக்காதீங்க."

வீட்டில் மாமனார் மெல்லத் தொண்டையைக் கனைத்தார். "எதுக்கும் ஒண்ணையும் தொடாம, சும்மா அப்படியே மாட்டிப் பாத்தா என்ன?"

"ஆம்ப்ளிஃபயர் புகைஞ்சிடும் மாமா! கரண்டை என்கிட்ட விடுங்க."

பழைய ஸ்டிக்கரைப் புதிய வூஃபருக்கு மாற்ற, நகத்தை வைத்தான். தொட்டதுமே உரிந்து வந்தது. "கம்பெனிக்காரன் கோந்து போட்டு ஒட்டியிருக்கான் பாருங்க!" என்று சிரித்தான். மாமனார் சிரிக்கவில்லை.

போர்டில் இருந்த காயிலில் இருநூறு சுற்றுச் செம்புக் கம்பி. நூறைப் பிரித்து வெட்டி எறிந்தான்.

"ஐயையோ! சுத்து பாதியானா மதிப்பு காலாயிடுமே மாப்பிள்ளே! வர்க்கமாச்சே!"

"கிளாஸ் எடுக்காதீங்க மாமா."

புதிய வூஃபரை மாட்டிப் பாட்டைப் போட்டான். பாடகி தகர டப்பாவுக்குள் நின்று யாரோடோ சண்டை போட்டாள்.

கப்பாசிட்டரை இரண்டு மடங்காக்கினான். சண்டை நின்றது. பாட்டும் நின்றது. ஆம்ப்ளிஃபயர் மூடியில் கை வைத்தவன் 'ஆ'வென்று ஒரு முழம் துள்ளினான்.

"அப்படியே மாட்டியிருந்தா..." என்று ஆரம்பித்தார் மாமனார்.

"கூட ஒரு நாலு ஓம் ரெசிஸ்டரைத் தொடரா சேத்துடறேன். நாலும் நாலும் எட்டு. கணக்கு சரியா வாத்தியாரே?"

"கணக்கு சரிதான். அதான் பயமா இருக்கு."

சரியாக இரண்டு நிமிடம் பாடியது. மூன்றாவது நிமிடம் பெட்டியின் வாயிலிருந்து புகை. சூடேறிய ரெசிஸ்டர் எதிரொலியைத் தடுக்க உள்ளே அடைத்திருந்த பஞ்சைப் பற்றவைத்துவிட்டது!

மாப்பிள்ளை பிளக்கைப் பிடுங்கி எறிந்தான். மாமனார் குடத்தோடு ஓடிவந்தார். ஒரு குடம் தண்ணீர், அப்படியே பெட்டிக்குள்.

மணி நான்கு. வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம்.

துடைத்து, மூடி, திருகாணியை முடுக்கி இருவரும் நிமிர்வதற்கும், மாமியார் உள்ளே வருவதற்கும் சரியாக இருந்தது. வந்தவர் மூக்கை உறிஞ்சினார். பையைக் கீழே வைத்தார். சோபாவில் உட்கார்ந்து பாட்டைப் போட்டார்.

இடது பெட்டி தேனாகப் பாடியது. வலது பெட்டி வாய் கொப்பளித்தது.

மாப்பிள்ளை ஸ்க்ரூடிரைவரை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். மாமியார் எழுந்தார். தரையில் சுருண்டு கிடந்த நூறு சுற்றுச் செம்புக் கம்பியை எடுத்துப் பார்த்தார். மாப்பிள்ளையின் பக்கம் திரும்பவே இல்லை. நேராகக் கணவரின் முன்னால் போய் நின்றார்.

"ஏங்க, நாலு வருஷம் முன்னாடி இதே பெட்டியை எரிச்சப்போ, எட்டு ஓமுக்குப் பதிலா நாலு ஓம் மாட்டி, கிராஸ்ஓவரையும் அதுக்குத் தகுந்த மாதிரி கச்சிதமா மாத்தி, பழைய ஸ்டிக்கரைக்கூட கோந்து போட்டு ஒட்டி வெச்சீங்களே... இந்தத் தடவை மட்டும் ஏன் இப்படிச் சொதப்பினீங்க?"