கெண்டைக்கால் நோவும் கில்பட்டின் வாய்வும்

கற்பிட்டி

அன்புள்ள மச்சான் ஹஸ்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தோஹாவில் அல்லாஹ் உங்களைக் குறைவில்லாத சுகத்தோடு வைப்பானாக. இங்கே என் வீட்டுக்காரி, உங்கள் ராத்தா ஹவ்வா சுகம். என் நிலைமையைத் தொலைபேசியில் சொன்னால் சிரிப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

தபால் கந்தோரில் கதிரையை விட்டெழும்பாமல் உழைத்து ஓய்வுபெற்ற என்னை, சீனி வருத்தத்துக்கு நடக்கச் சொன்னது நீங்கள்தான். நடந்தேன். வள்ளத்தை மகனிடம் விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் பக்கத்து வீட்டுக் கில்பட்டும் துணைக்கு வந்தார். முதல் நாளே மணலில் கோட்டை வரை வேகமாகப் போய் வந்தோம். மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. கெண்டைக்கால் கல்லாகிவிட்டது, குந்தினால் எழுப்ப ஆள் வேண்டியிருந்தது. மௌத்து நெருங்கிவிட்டதென்று ஹவ்வாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கெண்டு சொல்லிக் கேளுங்க" என்றாள்.

கில்பட்தான் என்னைத் தோளில் தாங்கி டொக்டர் ஸஹ்றாவிடம் கூட்டிப் போனார். வழியில் நின்று நின்று நெஞ்சைத் தடவினார். "ஒண்டுமில்ல, வாய்வு. நேத்து நடக்கக்குள்ளயும் வந்திச்சு. நிண்டா போயிரும்" என்றார். நான் என் முனகலைத் தொடர்ந்தேன்.

டொக்டர் காலை அமுக்கிப் பார்த்தார். "பழக்கமில்லாம நடந்தா தசை நோகும் ஜவாஹிர் நானா. சில நாள்ல தானாப் போகும். மெதுவா நடந்துக்கிட்டே இருங்க." எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்த எரிச்சலில், "இவரும் வழியெல்லாம் நெஞ்சைத் தடவினாரு, வாய்வாம்" என்று முறைப்பாடு போலச் சொன்னேன். டொக்டர் என் காலை அப்படியே விட்டார்.

"நடந்தா இறுக்கி, நிண்டா விடுதா? கைக்கும் போகுதா?"

"இடக்கைக்குக் கொஞ்சம்" என்றார் கில்பட்.

"அது வாய்வு இல்ல. அசையாம இருங்க."

என்னை இறக்கிவிட்டு அந்தக் கட்டிலில் அவரைப் படுக்கவைத்தார்கள். அம்பியூலன்ஸ் போன பிறகு சுவரைப் பிடித்துப் பிடித்துத் தனியாக வீடு வந்தேன். கில்பட் இப்போது கொழும்பு ஆஸ்பத்திரியில். வீட்டாரும் அங்கேதான். அவர் வீடு பூட்டிக் கிடக்கிறது, பார்க்க மனம் தாங்கவில்லை மச்சான். ஊரைக் கூட்டிய எனக்கு ஒன்றுமில்லை. பேசாமல் இருந்த மனிசனுக்கு இதயக் குழாயில் அடைப்பு. எந்த நோவை நம்புவதென்று தெரியவில்லை. ஆகவே இனி மௌத்து வரை நடக்கமாட்டேன். நீங்களும் எவரையும் நடக்கச் சொல்லாதீர்கள்.

மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம். அல்லாஹ் உங்கள் எல்லாருக்கும் நோவில்லாத காலையும் உண்மை பேசும் நெஞ்சையும் தருவானாக.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
ஜவாஹிர்

பி.கு: இதைத் தபாலில் சேர்க்கமுன் கில்பட் வந்துவிட்டார். "நெஞ்சுக்குள்ள சின்ன வலையொண்டு வெச்சிருக்காங்க. தினமும் மெதுவா நடக்கட்டாம். தனியாப் போகப் பயமா இருக்கு" என்று வாசல் படலையில் நிற்கிறார். நான் புறப்படுகிறேன். எங்கே நொந்தாலும் உடனே வாய் திறந்து சொல்வதென்று இருவரும் பேசிக்கொண்டோம். நான் இப்போதே தொடங்கிவிட்டேன்.