மாமனார் மாட்டிக்கொண்ட ரோஜாப்பூ ஸ்வெட்டர்

கையால் பின்னிக் கொடுத்தால் அன்பு வளரும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் வாயில் ஒரு கம்பளி நூலுருண்டையைத் திணித்துவிட்டு வீட்டைப் பார்த்துப் போங்கள். எனக்கு அதைச் சொன்னவர் பின்னல் சொல்லித்தரும் ஓர் அம்மா, வீடியோவில் இருந்தார் (அதனால் தப்பித்தார்).

ஓசூரில் வண்டி தயாரிக்கும் கம்பெனியில் எனக்கு வேலை. போல்ட் முறுக்குவேன், முறுக்கியது இறுகியிருக்கிறதா என்று பார்ப்பேன். அதே லைனில் வேலை பார்த்த சரளாவைக் காதலித்தேன். நான் சாமல்பட்டிக்காரன். அவள் தொரப்பள்ளிப் பக்கம், வீட்டில் தெலுங்கு. மொழி ஒரு பிரச்சினையே இல்லை, அவள் அப்பாதான் பிரச்சினை. ரோஜாத் தோட்டக்காரர். பெண் கேட்டு முதல்முறை போனபோது, காபி ஆறும்வரை பொறுக்காமல் நான் வாயைச் சுட்டுக்கொண்டதைக் கவனித்துவிட்டார்.

“பையனுக்குப் பொறுமை பத்தாதும்மா. தீபாவளி போகட்டும், சொல்றேன்” என்றார் மகளிடம், என் காதுபடவே.

பொறுமைதானே வேண்டும்? விடியற்காலைக் குளிரில் பூப்பறிக்கப் போகிற மனிதருக்கு, நெஞ்சில் சிவப்பு ரோஜாக்கள் போட்ட பச்சை ஸ்வெட்டரை நானே பின்னித் தருவது என்று முடிவு செய்தேன். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்கூட இல்லை.

இரண்டு நிறத்தில் பின்னும்போது, பூ வராத இடங்களில் சிவப்பு நூல் பின்பக்கமாகவே ஓடும். அதைத் தளர்வாக விடவேண்டும். வீடியோ அம்மா படித்துப் படித்துச் சொன்னார். லைனில் பழகிய கை கேட்குமா? லூஸாக இருந்தால் ரிஜெக்ட். எனக்குத் தெரிந்த ஒரே தர்மம் அதுதான். ஒவ்வொரு இழையையும் இழுத்து இறுக்கினேன்.

“டேய், இதுல தலை நுழையுமாடா?” என்றான் அறைத் தோழன்.

“கம்பளிடா, விரியும். உன் வேலையப் பாரு” என்று எரிந்து விழுந்தேன். ரோஜாவும் ரோஜாவாக வரவில்லை; அறுத்து வைத்த தக்காளி மாதிரி இருந்தது.

தீபாவளி முடிந்து பதில் கேட்கப் போனேன். அவர் வாயைத் திறக்கும் முன்பே ஸ்வெட்டரை நீட்டினேன்.

“நீயே பின்னுனியா?” முகம் இளகிவிட்டது. மடையன் நான், அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

“போட்டுப் பாருங்க மாமா!”

இரண்டு கைகளும் மேலே போயின. தலை பாதி போனது. அவ்வளவுதான். பூப்போட்ட இடம் ஓர் அங்குலம்கூட விரியவில்லை. மேலேயும் வரமாட்டேன், கீழேயும் போகமாட்டேன் என்று நின்றது.

“ஏமிரா இதி!” என்று ஸ்வெட்டருக்குள்ளிருந்து ஒரு சத்தம். சரளாவின் அம்மா கீழே இழுத்தார், நான் மேலே இழுத்தேன் (அறிவாளிகள்!).

“மூச்சு முட்டுது! வெட்டுங்க!”

சரளா பூ வெட்டும் கத்தரியோடு ஓடிவந்தாள். வந்தவள் வெட்டவில்லை.

“நாய்னா, எங்க கல்யாணத்துக்குச் சம்மதமா?”

“முதல்ல வெட்டுடீ!”

“நீ முதல்ல சொல்லு நாய்னா.”

“சம்மதம்! சம்மதம்! வெட்டித் தொலை!”

அந்த நேரத்தில் அவள் கையைப் பிடித்துத் தடுத்த பாவி யார் தெரியுமா? நான்தான். “ஐயோ, வெட்டாத சரளா! மெதுவா உருவுனா வந்துடும். மாசக்கணக்கா பின்னுனது!”

“உனக்கு நான் வேணுமா, ஸ்வெட்டர் வேணுமா?”

யோசித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நின்று யோசித்தேன்! அவள் என் கையைத் தட்டிவிட்டு, அடியிலிருந்து கழுத்துவரை நறுக்கென்று வெட்டிவிட்டாள்.

கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து வீட்டுக்கு எந்த விருந்தாளி வந்தாலும் மாமா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கதையை ஆரம்பித்துவிடுவார். சரளா எழுந்து சமையலறைக்குள் போய்விடுவாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

“மாப்பிள்ளைக்குப் பொறுமை இல்லைன்னு தப்பா நெனச்சுட்டேங்க” என்று முடிப்பார். “நான் உள்ள மூச்சு விட முடியாம தவிக்கிறேன். இவரு பொண்ணா, ஸ்வெட்டரான்னு எவ்வளவு பொறுமையா யோசிச்சாரு தெரியுங்களா!”