கல்யாண வீட்டு நிம்மதி நிபுணர்

கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுபவரைப் பார்த்திருப்பீர்கள். மொய் எழுதுபவரையும், தொலைந்த செருப்பைத் தேடி அலைபவரையும் பார்த்திருப்பீர்கள். இவர்களில் யாரோடும் சேராத ஓர் இனம் உண்டு. அவர் வாழைமரம் கட்டமாட்டார், தாம்பூலப் பை போடமாட்டார், சமையல்காரரிடம் போய் அரிசி எவ்வளவு என்று கேட்கமாட்டார். மற்றவர்கள் இதையெல்லாம் மூச்சு வாங்கச் செய்துகொண்டிருக்கும்போது சரியாகக் குறுக்கே வந்து நின்று, உள்ளங்கையைத் தரையைப் பார்த்து மெல்ல அழுத்தி, "டென்ஷன் ஆவாதீங்க" என்பார். அவ்வளவுதான் அவர் வேலை. முழுநேர வேலை.

இவரை நிம்மதி நிபுணர் என்று அழைப்போம்.

நிம்மதி நிபுணர் எங்கும் முளைப்பார் என்றாலும், கல்யாணம் நிச்சயமான பெண் இருக்கும் வீட்டில்தான் செழித்து வளர்வார். நகரியில் தறி ஓட்டும் குடும்பத்துப் பெண்ணான ரோஹிணிக்கு வாய்த்தவர் அவளுடைய அத்தை புருஷன் மோகன்ராஜ் மாமா. சித்தூரில் மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. கூழைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சோதித்த பழக்கம், மனிதர்களையும் அவரால் சும்மா விட முடியாது. கையில் எப்போதும் ஒரு ஜவுளிக்கடைப் பை. அதற்குள் பிரஷர் பார்க்கும் மெஷின், தேன் பாட்டில், ஊறவைத்த வெந்தயம். மணிக்கட்டில் நாடித்துடிப்பைச் சொல்லும் வாட்ச். துடிப்பு ஏறினால் அது கீச்கீச் என்று கத்தும்.

அவர் நுழைந்ததற்கு ரோஹிணியும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நிச்சயதார்த்தத்தன்று ஜாக்கெட் கச்சிதமாகப் பொருந்தவேண்டுமே என்று காலையில் ஒன்றும் சாப்பிடாமல் இருந்தாள். தாம்பூலம் மாற்றும் நேரத்தில், கும்பிட்ட கை கும்பிட்டபடியே பொத்தென்று சாய்ந்துவிட்டாள். மாப்பிள்ளை கிஷோர் திருப்பதிப் பையன், தெலுங்கு வீடு. அவனுடைய அம்மா துர்காதேவி, ரோஹிணியின் அம்மா அம்சவேணியைத் தனியாக அழைத்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அம்மாயிகி ஒண்ட்லோ பாகானே உந்தா, வதினா?"

பெண்ணுக்கு உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, அண்ணி? கேள்வி இதமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து அம்சவேணிக்குத் தூக்கம் போயிற்று. இன்னொரு முறை, அதுவும் முகூர்த்த மேடையில், ஊரே பார்க்க இந்தப் பெண் சாய்ந்தால்? 'சீக்காளிப் பொண்ணைத் தலையில கட்டிட்டாங்க' என்ற பேச்சு திருப்பதியில் கிளம்பி, இவர்கள் வீடு திரும்புவதற்குள் நகரிக்கு வந்து சேர்ந்துவிடாதா? ரோஹிணி வாய் திறந்து எதுவும் சொல்பவள் இல்லை. ஆனால் அவளுக்கும் அந்த ஒரே பயம்தான். கல்யாணத்தன்று தன் காலில் தான் நிற்கவேண்டும். மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும்.

"நீங்க யாரும் டென்ஷன் ஆவாதீங்க. பொண்ணு என் பொறுப்பு" என்றார் மோகன்ராஜ் மாமா.

நிம்மதி அன்றோடு விடைபெற்றது.

முதலில் காபி போயிற்று. காபி பதட்டம். பிறகு முறுக்கு போயிற்று, வடை போயிற்று, அப்பளம்கூடப் போயிற்று. எண்ணெய் பித்தம், பித்தம் கோபம், கோபம் வந்தால் புதுக்குடித்தனம் என்ன ஆவது? வந்து சேர்ந்தது சுரைக்காய்ச் சாறு. விடியும் முன்பே சித்தூரிலிருந்து போன் வரும். தூக்கக் கலக்கத்தில் எடுத்தால், "கண்ணு, நல்லா தூங்கினியா? தூக்கம் ரொம்ப முக்கியம். அதான் எழுப்பிக் கேக்கறேன்" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி நேரிலேயே வந்து, அவள் கையில் பட்டையைச் சுற்றி, முகத்துக்கு நேரே உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு மெஷினை அமுக்குவார். அப்படிப் பார்த்தால் யாருக்குத்தான் ஏறாது?

"பாத்தியா, ஏறிக்கினு போவுது. மூச்சை இழு... விடு... இன்னாத்துக்குமா பயப்படறே? நான் கீறேன் இல்ல?"

வந்த எண்ணைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போடுவார். கீழே ஒரு தாமரைப் பூப் படம், 'பதற்றம் வேண்டாம்' என்று ஒரு வரி. பதறாமல் இருந்த சொந்தக்காரர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் பதறினார்கள். பாலசமுத்திரத்துப் பெரியம்மா போன் செய்து, "இன்னாடி, உனக்கு இன்னாமோ பிரஷராமே! மாப்ள வீட்டுக்குத் தெரியுமா?" என்று அழாத குறையாகக் கேட்டாள். கிஷோர் மட்டும் சிரித்தான். "எனக்கும் ஒரு வாட்ச் அனுப்பியிருக்காரு உங்க மாமா. ராத்திரி உன்கூடப் பேசும்போது கத்துது. இதை இன்னான்னு எடுத்துக்கறது?"

ரோஹிணி போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தாள். சிரித்தால் பசிக்கும் என்பதையும் அன்று கண்டுபிடித்தாள்.

உடம்போடு நிறுத்திக்கொள்பவர் நிம்மதி நிபுணரே அல்ல. புதுக்குடித்தனம் நடத்துவது எப்படி என்பதும் அவருடைய துறைதான். ஒரு சாயங்காலம் ரோஹிணியை உட்காரவைத்து ஆரம்பித்தார்.

"கல்யாணம் ஆன புதுசுல மெயினா ஒண்ணு கண்ணு. ஒருத்தர் பேசிக்கினு இருக்கும்போது இன்னொருத்தர் குறுக்க பேசக்கூடாது. பொறுமையா கேக்கணும்..."

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவி ஸ்வர்ணலதா அத்தை தலை நிமிர்ந்தாள். "ஆமா ரோஹி, நான்கூட கல்யாணம் ஆன புதுசுல..."

"நீ சும்மா கெட! குறுக்க பேசாத!"

அத்தை கீரைக்கே திரும்பிப் போனாள். அவளுடைய கல்யாண வாழ்க்கை முழுவதிலும் கீரைதான் அவள் சொல்வதைக் கேட்டிருக்கிறது.

ஒரு நாள் இரண்டு வீட்டாரும் கூடிச் சடங்குகளைப் பேசி முடித்தார்கள். தமிழ் வீட்டு வழக்கப்படி தாலி. அதற்கு முன்னால், தெலுங்கு வீட்டு வழக்கப்படி ஜீலகர்ர பெல்லம். சீரகத்தையும் வெல்லத்தையும் சேர்த்து அரைத்து, வெற்றிலையில் உருட்டி வைத்து, நடுவில் திரை பிடித்திருக்க, முகூர்த்த வேளையில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவர் உச்சந்தலையில் ஒருவர் வைத்து அழுத்தவேண்டும். துர்காதேவிக்கு அதுதான் கல்யாணம், மற்றதெல்லாம் சாப்பாடு. இதை அவர் விளக்கிச் சொன்னபோது எல்லோரும் கேட்டார்கள். மோகன்ராஜ் மாமா மட்டும் கேட்கவில்லை. அவர் அப்போது புரோகிதருக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்தன்று காலை, திருப்பதி மண்டபத்தில் மணப்பெண் அறை. கௌரி பூஜை முடிந்துவிட்டது. முகூர்த்தம் வரை விரதம் என்பது மாப்பிள்ளை வீட்டு வழக்கம். முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே விரதம் என்பது மாமாவின் வழக்கம். வயிறு லேசாக இருந்தால் மனசும் லேசாக இருக்குமாம். கதவிடுக்கு வழியே நெய்ப் பொங்கல் வாசனை வந்தது. பின்னாலேயே மெதுவடை வாசனை வந்தது. ரோஹிணியின் கண்ணுக்கு முன்னால் சின்னச் சின்ன மினுமினுப்புகள் பறந்தன. நிச்சயதார்த்தத்தன்றும் இவைதான் முதலில் வந்தன.

"மாமா," என்றாள் மெல்ல, "தலை சுத்தற மாதிரி கீது. ஒரு இட்லியாவது..."

"அய்யய்யோ, இட்லியா! புளிச்ச மாவு, பித்தம் ஏறிடும்! டென்ஷன் ஆவாத, டென்ஷன் ஆவாத, டென்ஷன் ஆவாத!" என்று மாமா அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். வாட்ச் கீச்சிட்டது. அவருடையதுதான். அப்போது மூலையில் மஞ்சள், குங்குமத்தோடு வைத்திருந்த தட்டில் ஒரு வெள்ளிக் கிண்ணம் கண்ணில் பட்டது. மூடியைத் திறந்து, முகர்ந்தார். தரம் பார்ப்பவர் அல்லவா? முகம் மலர்ந்தது.

"ஆஹா! சீரகம், வெல்லம்! எவனோ வெவரம் தெரிஞ்சவன் அரைச்சி வச்சிக்கினு போயிருக்கான். பித்தத்துக்கு இதைவிட ஒரு மருந்து கீதா? துன்னு கண்ணு, துன்னு!"

ரோஹிணி கிண்ணத்தைப் பார்த்தாள். பள்ளியில் தெலுங்கும் வீட்டில் தமிழுமாக வளர்ந்தவள். தோழிகளின் கல்யாணத்தில் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! அது என்ன என்று அவளுக்கு மிக நன்றாகத் தெரியும். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

திறந்த வாய்க்குள் மாமா ஒரு கரண்டி ஊட்டிவிட்டார்.

ஐயோ, அந்த இனிப்பு! வெல்லம் நாக்கில் கரைந்து, சீரகம் தொண்டையில் மணத்து இறங்கியது. பறந்துகொண்டிருந்த மினுமினுப்புகளில் பாதி காணாமல் போயின. ரோஹிணி யோசித்தாள். இதை மறுபடி அரைப்பது சமையற்கட்டில் மிக்ஸிக்கு ஒரு சுற்று வேலை. மயங்கி விழுந்தால்? அதை எந்த மிக்ஸியில் போட்டுச் சரி செய்வது? பெரியவர் வேறு சொல்கிறார். இத்தனை நாளும் சொன்னதையெல்லாம் கேட்ட பெண், கடைசி நாளில் மட்டும் பேச்சை மீறலாமா? இரண்டாவது கரண்டியை அவளே எடுத்தாள். மூன்றாவதும் எடுத்தாள். அப்புறம் கரண்டி எதற்கு? விரலாலேயே கிண்ணத்தைச் சுற்றி வழித்துவிட்டு மூடியைப் போட்டாள்.

மேடைக்கு நடந்தபோது தரை தரையாகவே இருந்தது. கால்கள் அவளுடையவையாகவே இருந்தன. உட்கார்ந்ததும் நடுவே திரையைப் பிடித்தார்கள். நாதஸ்வரம் வேகமெடுத்தது.

"ஜீலகர்ர பெல்லம்!" என்று கை நீட்டினார் புரோகிதர்.

துர்காதேவி வெள்ளிக் கிண்ணத்தின் மூடியைத் திறந்தார். உள்ளே அவருடைய முகம் பளபளவென்று தெரிந்தது.

மேளக்காரர் வாசிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார். அம்சவேணி, "ஐயோ, ஆண்டவனே" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "யாரும் டென்ஷன் ஆவாதீங்க!" என்று கத்திக்கொண்டே மோகன்ராஜ் மாமா மேடையேறினார். "இன்னா காணோம்? இன்னா காணோம், சொல்லுங்க!"

"சீரகமும் வெல்லமும் அரைச்சி வச்சிருந்தது, அண்ணா" என்றாள் அம்சவேணி. "அதை வச்சாத்தான் அவங்க வீட்டுல கல்யாணம்."

மாமாவின் முகத்தில் மெதுவாக வெளிச்சம் பரவி, உடனே அணைந்தது. வாட்ச் கத்திய கத்தலில் நாதஸ்வரக்காரர் திரும்பிப் பார்த்தார். மாமா வாயைத் திறந்து மூச்சை இழுத்தார். விடவில்லை. அப்படியே ஸ்வர்ணலதா அத்தையின் தோளில் பொத்தென்று சாய்ந்தார்.

"டென்ஷன் ஆவாதீங்க" என்றாள் அத்தை. குறுக்கே பேச ஆளில்லாததால் வாக்கியத்தை முடித்தும் வைத்தாள். "வாயை மூடிக்கினு கொஞ்ச நேரம் கெடங்க."

மாமாவை நாற்காலியில் கிடத்தினார்கள். கூட்டம் முழுக்க ஒரே கேள்வி: கிண்ணத்தில் இருந்தது எங்கே? துர்காதேவியின் பார்வை ஒவ்வொருவராகத் தடவிக்கொண்டு வந்தது. ரோஹிணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நேனே தினேசானு, அத்தய்யா. ஆகலி வேசிந்தி."

நான்தான் தின்றுவிட்டேன், பசித்தது. திரைக்கு அந்தப் பக்கம் கிஷோர் அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. அவன் சிரித்த சிரிப்பில் திரையே குலுங்கியது. துர்காதேவி கிண்ணத்தைப் பார்த்தார். அது வழிக்கப்பட்டிருந்த அழகைப் பார்த்தார். நிச்சயதார்த்தத்தன்று பார்த்த வெளுத்த முகம் இன்று சிவந்து கிடப்பதைப் பார்த்தார்.

"வதினா," என்று அம்சவேணியைக் கூப்பிட்டார். "ஆகலி வேஸ்துந்தி கதா, இங்கேம் காவாலி!" பசிக்கிறதல்லவா, வேறென்ன வேண்டும்! மருமகள் கன்னத்தைத் தட்டிவிட்டு, சமையற்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். மிக்ஸி ஓடியது. முகூர்த்தம் தவறவில்லை. ரோஹிணி வெற்றிலையை கிஷோரின் தலையில் அழுத்தியபோது, "எனக்குக் கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கலாம்" என்று அவன் முணுமுணுத்தது அவளுக்கு மட்டும் கேட்டது.

மோகன்ராஜ் மாமாவுக்குச் சர்க்கரை தூக்கலாக ஒரு காபியும் இரண்டு வடையும் கொடுத்து எழுப்பினார்கள். பித்தம் ஏறவில்லை.

இவ்வளவையும் சிரித்துக்கொண்டே படித்துவிட்டீர்கள். நல்லது. ஆனால் ஒன்று கேட்கவேண்டும். ரோஹிணி விரலால் வழித்து வழித்துத் தின்றாளே, அந்த இடத்தில், வெறும் வயிற்றில் இவ்வளவு வெல்லம் அந்தப் பெண்ணுக்கு ஒத்துக்கொள்ளுமா, கொஞ்சம் வெந்நீராவது குடித்திருக்கலாமே என்று உங்களுக்கு ஒரு கணம் தோன்றவில்லை? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

தோன்றியதா? அடுத்த முகூர்த்தத்துக்கு உங்களைக் கூப்பிடும் வீட்டுக்காரர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.