யாரும் கேட்காத ஆள்

திங்கட்கிழமை காலை ஏழே காலுக்கு, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தன் வீட்டுச் சமையலறை வாசலில் நின்று தன்னைத் தானே விடுதலை செய்துகொண்டார்.

"இன்னையோட என் ஒப்பந்தம் முடிஞ்சுது. இனிமே இந்த வீட்டுல நான் ஒரு ஃப்ரீ ஏஜென்ட்" என்றார்.

அவர் மனைவி பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருப்பவள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பதினாறு வருஷமாகப் பார்த்துப் பழகியவள். எதற்கும் சட்டென்று பதறமாட்டாள். டிபன் டப்பாவை அழுத்தி மூடினாள்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்றாள்.

இந்த வியாதி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது. அதற்குள் ஒரு கூடைப்பந்து லீக் இருக்கிறது. கூடைப்பந்து என்றுதான் பெயர். பந்தும் கிடையாது, கூடையும் கிடையாது, ஆடுகிற ஆளும் கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டரின் கற்பனை. இல்லாத ஆள் இல்லாத பந்தை இல்லாத கூடையில் போடுவான். அதைப் பார்த்து இங்கே இருக்கிற மனுஷன் நாற்காலியிலிருந்து துள்ளிக் குதிப்பார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்காருவார். இப்படிப் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு அணி. வாழ்நாளில் பந்தைத் தொட்டவர் அதில் ஒருத்தர்கூடக் கிடையாது.

கண்ணாடிக்காரரின் அணிக்குப் பெயர் 'கழுகுப் பார்வை'. மூன்று சீசனாகக் கடைசி இடம். முதல் இடம் யாருக்கு என்று கேட்காதீர்கள், அவருக்கு வயிறு எரியும். சரி, நானே சொல்லிவிடுகிறேன்: மேல் வீட்டு லிஃப்ட் மெக்கானிக்குக்கு. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் போதும், அந்த ஆள் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "என்ன சார், இந்த வருஷமும் கீழ்த்தளம்தானா?" என்பார். அந்த ஒரு கேள்வியை நிறுத்த வேண்டும். கண்ணாடிக்காரருக்கு வாழ்க்கையில் இப்போதைக்கு வேறு லட்சியம் இல்லை.

வழியும் கிடைத்துவிட்டது. முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாரு இவனை. கம்ப்யூட்டர் என்னவோ பேர் வெச்சிருக்கு, வாயில நுழையல. நான் ஒட்டடைக்குச்சின்னு வெச்சிருக்கேன். ஏழடி!"

"அம்மாடி! ஏழடியா?"

"வயசு முப்பத்தாறு. முட்டி வலி. பழைய டீம் கழட்டி விட்டுடுச்சு. இப்ப எந்த டீம்லயும் இல்ல, ஃப்ரீ ஏஜென்ட். ஒருத்தனும் சீண்டல."

"ஐயோ பாவம்."

"பாவமா? இதான் சரக்கு! எல்லாரும் எவன் நிறையக் கூடை போடறான்னு பார்ப்பாங்க. நான் அதைப் பார்க்கமாட்டேன். தவறிப்போன பந்தை எவன் ஓடிப்போய் எடுக்கறான், அடுத்தவன் கூடை போட எவன் வழி பண்ணித் தர்றான்... இந்த மாதிரி யாரும் பார்க்காத சின்ன வேலையைத்தான் பார்ப்பேன். அதுல இவன் ராஜா."

"அப்ப உடனே எடுத்துட வேண்டியதுதானே?"

கண்ணாடிக்காரர் இரக்கத்தோடு சிரித்தார். விவரம் தெரியாதவர்களைப் பார்த்து விவரம் தெரிந்தவர் சிரிக்கும் சிரிப்பு.

"இருபது காசு கேட்கறான். எல்லாம் விளையாட்டுக் காசுதான், ஆனா என்கிட்ட இருக்கறதே ஒன்பது. இப்ப போய்க் கேட்கவே கூடாது. ஒருத்தர் 'வர்றியா'ன்னு கேட்டாப் போதும், ஐயாவுக்குத் தலைக்கனம் ஏறிடும். விலை அங்கேயே நின்னுடும். யாருமே கேட்கலேன்னு வை, தினம் தானா இறங்கி வருவான். அடுத்த ஞாயிறு மத்தியானம் பன்னெண்டு மணி கெடு. கடைசி ஒரு மணி நேரம் மடமடன்னு சரியும். அப்ப போய், போனாப் போகுதுன்னு எடுக்கணும்."

"அதுவரைக்கும்?"

"கண்டுக்கவே கூடாது. அப்படி ஒருத்தன் இருக்கான்னே தெரியாத மாதிரி நடந்துக்கணும்."

மனைவி ஒரு தலையணை உறையை நாலாக மடித்தாள். "அவனுக்குப் போக வேற இடம் இல்லையா?"

"எங்க போவான்?"

"அதுவும் சரிதான்" என்றாள். அடுத்த உறையை எடுத்தாள். "ஆனா அடுத்த ஞாயிறு பரண் ஏறிச் சுத்தம் பண்றதா சொன்னீங்களே? ரெண்டு வருஷமாச் சொல்றீங்க."

அன்று இரவு கண்ணாடிக்காரர் யோசித்ததன் பலன்தான் திங்கட்கிழமை விடுதலைப் பிரகடனம்.

"என் நிபந்தனை இதுதான்" என்றார், கதவு நிலையில் சாய்ந்துகொண்டு. "ஞாயித்துக்கிழமை நாலு மணி நேரம் எனக்கு வேணும். ஹால்ல பேச்சு மூச்சு இருக்கக் கூடாது. மணிக்கு ஒரு டீ. பரண்ங்கற வார்த்தையே காதுல விழக் கூடாது. இதுக்கு ஒத்துக்கிட்டா, பழையபடி காலையில டீ போடறேன், துணி காயப்போடறேன், உன்னை ஸ்கூட்டர்ல கிளினிக்ல இறக்கி விடறேன். இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கோ."

அவள் கைப்பையைத் திறந்து கிளினிக் நோட்டை எடுத்தாள். யார் எப்போது பல் பிடுங்க வருகிறார்கள் என்று குறிக்கும் நோட்டு. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதினாள்.

"சரிங்க, குறிச்சுக்கிட்டேன்."

"பதில்?"

"பார்க்கலாம்."

படியிறங்கும்போதே யாருக்கோ போன் போட்டாள். கண்ணாடிக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மெக்கானிக்கின் மனைவி ஸ்கூட்டரோடு வந்து நின்றாள். இருவரும் என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். போகட்டும், இந்தச் சிரிப்பு எத்தனை நாளைக்கு என்று இவர் நினைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அவர் பால்கனிக்குப் போகும் வழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தார். ஈரத்துணி வாளியோடு மனைவி வந்தாள். அவர் தொண்டையைச் செருமினார். அவள் காலைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"என்ன, வாளி ரொம்ப கனமா?"

"இல்லையே."

இல்லைதான். அவர் சட்டைகள் அதில் இல்லை. அவை அழுக்குக் கூடையில் அப்படியே கிடந்தன.

டீ ஒரு டம்ளர் மட்டும் கொதித்தது. வாசனை மட்டும் அவருக்கு. தானே போட்டுக் குடிக்கலாமே என்பீர்கள். போடலாம். ஆனால் டீ போடுவது அவர் வேலை ஆயிற்றே. வேலை செய்துவிட்டால் வேலைநிறுத்தம் என்ன ஆவது? மானஸ்தர் மூக்கை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புதன்கிழமை கடையில் ஒரு பெரியவருக்குக் கண் சோதித்தார். கடைசி வரி தெரிகிறதா என்று கேட்டார். "தெரியுதே. உங்க சட்டைப் பையில இருக்கற மைக்கறையும் நல்லாத் தெரியுது" என்றார் பெரியவர். கண்ணாடி விற்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்தார். ஒட்டடைக்குச்சி பதினாறுக்கு வந்திருந்தான்.

"பார்த்தியா, இறங்கறான்! நான் சொன்னேன்ல? கேட்பாரில்லேன்னா தானா இறங்கணும். முதுகெலும்பு இல்லாத பய!" என்று தொடையில் தட்டினார். பிறகு சமையலறைப் பக்கம் போய், மூணு மணி நேரம் போதும், டீ வேண்டாம் என்றார்.

"பார்க்கலாம்" என்று நோட்டில் எழுதிக்கொண்டாள் மனைவி.

வியாழக்கிழமை அவன் பதினாலு. இவர் இரண்டு மணி நேரம். வெள்ளிக்கிழமை அவன் பன்னிரண்டு. இவர் ஒரு மணி நேரம், ஹாலில் பேசிக்கொள்ளலாம், டி.வி.கூடப் போட்டுக்கொள்ளலாம். அவளோ ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, 'கொஞ்சம் இந்த வாளியைப் பிடிங்க' என்று கேட்டிருந்தால் போதும், அவர் நிமிர்ந்திருப்பார். கேட்கவே இல்லையே, மகராசி! அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைச் சுற்றிப் பெருக்கினாள்.

சனிக்கிழமை படியில் மெக்கானிக் எதிர்ப்பட்டார்.

"அந்த ஏழடியான் மேல எனக்கும் ஒரு கண்ணு இருக்கு சார். நாளைக்குப் பார்த்துடுவோம். கீழ்த்தளத்துலயே ரொம்ப நாள் இருந்தா சளி பிடிக்கும்."

கண்ணாடிக்காரருக்குப் பகீரென்றது. அந்தப் பதற்றத்தில், மெக்கானிக்கின் சட்டையும் நாலு நாள் கசங்கியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. ஊருக்கெல்லாம் பார்வை கொடுப்பவருக்கு இதெல்லாம் கண்ணில் படாது.

நேராக மனைவியிடம் போனார். "அஞ்சு நிமிஷம். அஞ்சே அஞ்சு நிமிஷம். பன்னெண்டு அடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கும்போது என்னை விட்டாப் போதும். மிச்ச நேரம் பரண்ல இருக்கேன். டீ, துணி, ஸ்கூட்டர், எல்லாம் செய்யறேன்."

"பார்க்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி வரைக்கும் பார்த்தாள். பிறகு, "சரி, போனாப் போகுது, வாங்க" என்றாள்.

எங்கேயோ கேட்ட வார்த்தையாக இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியது. யோசிக்க நேரமில்லை. ஓடிப்போய் இரண்டு டம்ளர் டீ போட்டார். ஒரு வாரத்துக்குப் பிறகு குடித்த டீ. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவருக்கு. குடித்துவிட்டு, ஒட்டடைக்குச்சியும் கையுமாக ஏணியில் ஏறி, சமையலறைப் பரணுக்குள் குனிந்து புகுந்தார். நிஜ ஒட்டடைக்குச்சி.

உள்ளே என்னதான் இல்லை! இறக்கை இல்லாத ஃபேன், சக்கரம் இல்லாத பெட்டி, கைப்பிடி இல்லாத வாணலி, வயிற்றைக் குறைக்க அவர் வாங்கி இரண்டு நாள் இழுத்த ஸ்பிரிங். ஒவ்வொன்றாகக் கீழே கொடுக்கக் கொடுக்க மனைவி வாங்கி வைத்தாள். தலையெல்லாம் நூலாம்படை, முட்டியில் குடைச்சல். ஒருவழியாகத் திரும்பிக் காலை நீட்டினார். கால் காற்றில் ஆடியது.

"ஏய்! ஏணி எங்க?"

"ஹால் ஃபேனைத் துடைக்க எடுத்துட்டு வந்தேன்" என்று ஹாலிலிருந்து குரல் வந்தது.

"மணி என்ன?"

"பதினொன்னு அம்பத்தி மூணு."

"ஐயையோ! ஏணியைக் கொண்டா!"

"அஞ்சு நிமிஷம்தானே கேட்டீங்க? இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கே. நீங்க பதறாதீங்க, என்ன அழுத்தணும்னு சொல்லுங்க, நானே அழுத்தறேன்."

வேறு வழி? பரணில் குந்தியபடியே வழி சொன்னார். மேலே பச்சைப் பொத்தான், அதன் கீழே பெயர், பக்கத்தில் விலை.

"ஆங், தெரியுது. ஏழுன்னு போட்டிருக்கு."

"ஏழா! அமுக்கு! உடனே அமுக்கு!"

"ஆறு ஆயிடுச்சுங்க."

"அமுக்கும்மா! மேல் வீட்டுக்காரன் தூக்கிட்டுப் போயிடுவான்!"

"அஞ்சு... கொஞ்சம் இருங்க. அவசரப்படக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னார்தான். சொல்வது ஒன்று, கை செய்வது ஒன்று. மூன்று சீசனாக இரண்டாம் நாளே போய்க் கேட்டு, விலையை நிறுத்தி, முழு விலை கொடுத்து எடுத்துத்தான் கடைசி இடத்தில் இருக்கிறார். இதை வீட்டில் சொன்னதில்லை.

"உன் கால்ல விழறேன்! மெக்கானிக் இந்நேரம் விரலை மேல வெச்சுட்டு உட்கார்ந்திருப்பான்!"

"அவர் வரமாட்டார்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அப்போது தலைக்கு மேல் தளம் அதிர்ந்தது. கனமாக எதையோ தரதரவென்று இழுக்கும் சத்தம். அதைத் தொடர்ந்து மெக்கானிக்கின் குரல், உச்சத்தில்: "ஏணி எங்கேடி? யாருடி ஏணியை எடுத்தது?"

ஒரு வாரமாக ஸ்கூட்டரில் போன சிரிப்பு இப்போதுதான் கண்ணாடிக்காரருக்குக் காதில் விழுந்தது.

"ரெண்டு..." என்றாள் மனைவி கீழே, நிதானமாக. "ஒண்ணு. மணி பதினொன்னு அம்பத்தொன்பது. அமுக்கிட்டேன்."

ஏணி வந்தது. இறங்கி ஓடினார். திரையில் ஒட்டடைக்குச்சி 'கழுகுப் பார்வை'யில் நின்றுகொண்டிருந்தான். ஒரு காசு. மூன்று சீசன் ஒப்பந்தம்! மிச்சம் எட்டுக் காசு கையில். கண்ணாடிக்காரர் இடுப்பை மறந்து குதித்தார். இனி அந்த மெக்கானிக் படியில் எதிர்ப்படட்டும்!

"இங்கயும் ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று மனைவி கிளினிக் நோட்டை நீட்டினாள்.

கடைசிப் பக்கம். திங்கள்: நாலு மணி நேரம், நாலு டீ. புதன்: மூணு மணி நேரம். வியாழன்: ரெண்டு. வெள்ளி: ஒண்ணு. சனி: அஞ்சு நிமிஷம். அதன் கீழே அவள் கையெழுத்தில் இப்படி இருந்தது: வயசு நாற்பத்தேழு. முட்டி வலி. வேற யாரும் கேட்கல. யாரும் பார்க்காத சின்ன வேலையெல்லாம் பார்ப்பார். மூணு வருஷம்.

கடைசிக்கு முந்தின வரியை அவர் இரண்டு தடவை படித்தார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவரைப் பற்றி யாரும் இப்படி ஒரு வரி எழுதியதில்லை. நெஞ்சு நிறைந்துவிட்டது.

"நிஜமாத்தான் எழுதினியா?"

"பின்ன? இந்த வாரம் பூரா நான் போட்ட டீ வாயில வைக்கவே விளங்கலைங்க."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்த பிறகுதான் கணக்கு உறைத்தது.

"ஆமா, அவனுக்காவது ஒரு காசு கொடுத்தே. எனக்கு அந்த அஞ்சு நிமிஷம்கூடக் கிடைக்கலியே? அவனும் முட்டி வலி, நானும் முட்டி வலி. அவனை விட நான் எதுல குறைஞ்சுட்டேன்?"

மனைவி ஏணியைத் தூக்கி மறுபடியும் பரணில் சாய்த்தாள்.

"அவன் ஏழடிங்க. அவனுக்கு ஏணி வேண்டாம்."