நாற்பதாவது மணி

முப்பத்தேழு மணி இருபத்தைந்து நிமிடம்.

பொன்முடி உச்சியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, யோசுவா தன் சட்டைப்பை நோட்டில் இதை எழுதினார். மாதத்தின் கடைசி நாள். இங்கிருந்து கீழே கரமனை ஸ்டாண்டுக்கு இறங்க இரண்டு மணி ஐந்து நிமிடம் ஆகும். கூட்டினால் முப்பத்தொன்பதரை. அரை மணி நேரம் மிச்சம்.

டிரைவர்கள் யூனியனே பஸ் ஓட்டியது, அதுவே பென்ஷனும் கொடுத்தது. விதி எளிமையானது. ஓய்வு பெற்ற டிரைவர் திரும்ப வந்து வண்டி எடுக்கலாம், பென்ஷனும் வாங்கலாம். ஆனால் மாதத்துக்கு நாற்பது மணி நேரம்தான். தாண்டினால் ஓய்வு ரத்து, பென்ஷன் நிற்கும். மூன்று வருடம் பழையபடி தினமும் டூட்டி பார்த்த பிறகுதான் மறுபடி விண்ணப்பிக்க முடியும்.

இந்த வேலையை யோசுவா கேட்டு வாங்கவில்லை. ஓய்வு பெற்ற நான்காம் மாதம் யூனியன் ஆபீஸ் கிளார்க் சுவாமிதாஸ் வீடு தேடி வந்து, வண்டி எடுக்க ஆளே இல்லை, அண்ணன்தான் உதவ வேண்டும் என்றார். மனைவி ரத்னாபாய் அவருக்கு இரண்டு தடவை சாயா கொடுத்தாள்.

பென்ஷன் நிற்கக்கூடாது. ரத்னாபாய் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள். யோசுவா வீட்டிலிருக்க ஆரம்பித்ததிலிருந்து ஏனோ அந்த வருமானம் குறைந்திருந்தது. அவரும் தன்னாலானதைச் செய்தார். துணி கொடுக்க வருகிறவர்கள் முன்வாசலில் ஏறிப் பின்வாசலில் இறங்க வேண்டும் என்று ஒழுங்கு செய்தார். நடுவில் நின்று பேசுகிறவர்களை உள்ளே தள்ளிப் போகச் சொன்னார். ரத்னாபாய் அடுப்படியில் ஓரடி பின்னால் நகர்ந்தால்கூட, "வரட்டும், வரட்டும், ஆங், மதி, போதும்" என்று, பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்க வைப்பதுபோல, சுவரில் தட்டினார். மூன்றே மாதத்தில் வீட்டில் நெரிசலே இல்லை.

போன் அடித்தது. ரத்னாபாய்தான்.

"எத்தன மணிக்கூர் ஆச்சு?"

"முப்பத்தேழரை பக்கம். நீ பயப்படாத."

"அப்போ நாப்பது தாண்டாது?"

"தாண்ட விடுவேனா?"

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. பாவம், எவ்வளவு கவலை என்று யோசுவா நினைத்துக்கொண்டார். அந்தப் பெருமூச்சுக்காகவே ஐந்து நிமிடம் முன்னதாக வண்டியை எடுத்தார். முப்பத்தொரு வருட சர்வீசில் அவர் செய்யாத காரியம் அது.

ஏழாவது வளைவில் கண்டக்டர் பிஜி முன்னால் வந்தாள். ஒரு சீட்டில் சாக்கு மட்டும் இருக்கிறது, ஆள் இல்லை என்றாள். சாக்கு எஸ்டேட் லயத்துக் குடியிருப்பு மாடம்மாளுடையது. சாக்கை வைத்துவிட்டுக் குடை எடுக்கப் போனவர்.

வண்டியைத் திருப்ப இடம் கிடைக்க இன்னும் மூன்று வளைவு இறங்க வேண்டியிருந்தது. பிறகு பத்து வளைவு ஏற வேண்டியிருந்தது. உச்சியில் மாடம்மாள் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவசரப்படாமல் ஏறினார்.

"இத்தன வருசமும் ஒரு நிமிசம் முந்துனது கிடையாது. பென்சன் வாங்குனா கடிகாரமும் கெட்டுப்போவுமோ?"

பஸ் சிரித்தது. இருபது நிமிடம் போயிற்று. மிச்சம் பத்து.

கல்லாற்றில் அந்தப் பத்தும் போயிற்று. சுற்றுலா வந்த இரண்டு கார்கள் பாலத்தில் எதிரெதிராக நின்று, யார் பின்னால் போவது என்று பேசிக்கொண்டிருந்தன. யோசுவா இறங்கிப் போய் இரண்டையும் கை காட்டிப் பின்னால் எடுக்க வைத்தார். இரண்டும் ஒரே நேரத்தில் பின்னால் போனதால், இரண்டும் ஒரே நேரத்தில் முன்னால் வந்தன. பதினைந்து நிமிடம்.

நோட்டை எடுத்தார். முப்பத்தெட்டே முக்கால். இங்கிருந்து கரமனைக்கு ஒரு மணி இருபது நிமிடம். நாற்பது மணி ஐந்து நிமிடம்.

யோசுவா பஸ்ஸைக் கடை ஓரமாக நிறுத்தினார். சாவியை எடுத்தார்.

"பிஜி, எழுது. டிரைவர் கல்லாற்றில் இறங்கினார்."

"அண்ணா, அப்போ வண்டி?"

அதற்கும் வழி வைத்திருந்தார். ஆபீசுக்குப் போன் செய்து வேறு ஆள் கேட்டார். ஆளே இல்லாத யூனியனிலிருந்து பத்தே நிமிடத்தில் பிரதீஷ் பைக்கில் வந்து இறங்கினான். பக்கத்தில் விதுரையில் வீடு. வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம். யோசுவா முறைப்படி டிக்கெட் எடுத்து, டிரைவருக்குப் பின் சீட்டில் பயணியாக உட்கார்ந்தார். மனசு லேசானது. நல்ல செய்தியை வீட்டுக்கும் சொன்னார்.

"நான் இறங்கிட்டேன் கேட்டியா. பிரதீஷ் ஓட்டுதான். மணிக்கூர் அப்படியே நிக்குது."

"இறங்கிட்டீங்களா? எதுக்கு?"

"உனக்காகத்தான்."

போன் துண்டிக்கப்பட்டது. கல்லாற்றில் எப்போதும் சிக்னல் மோசம்.

பிரதீஷ் வண்டியை எடுத்த விதத்தில் மாடம்மாளின் சாக்கு மூன்று சீட் தாண்டி உருண்டது. யோசுவா வாயை மூடிக்கொண்டார். அரை கிலோமீட்டர் மூடியிருந்தார்.

"கிளட்ச்ச மெல்ல விடு. செகண்டுக்கு வா. ஆங். இனி பிரேக்க நினைச்சாலே போதும், மிதிக்காண்டாம்."

கரமனை வரை வாய் ஓயவில்லை. அவருடைய வலது கால் வெறும் தரையை மிதித்து மிதித்து வலித்தது. வண்டியோ வெண்ணெய்போல வந்து நின்றது.

யூனியன் ஆபீசில் மூன்று டிரைவர்கள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். சுவாமிதாஸ் டூட்டி ஷீட்டை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் வாடியதாக யோசுவாவுக்குத் தோன்றியது. வயதாகிறது, பாவம்.

"அப்போ முப்பத்தெட்டே முக்காலோட நிறுத்தியாச்சு, அல்லே?"

"நிறுத்திட்டேன்," என்றார் யோசுவா பெருமையாக.

"சேட்டன் சூப்பர் சாரே," என்று பிரதீஷ் குறுக்கே வந்தான். "கல்லாறு தொட்டு இங்க வரைக்கும் எனக்கு கிளாஸ் எடுத்தார்."

சுவாமிதாஸ் நிமிர்ந்தார். அலமாரியிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்தார். பக்கத்தைத் தேடவில்லை, நேராகத் திறந்தார். புதிய டிரைவருக்குப் பயிற்சி கொடுப்பதும் டூட்டிதான். ஒரு மணிக்கு ஒன்றரை மணி. ஆக, ஒரு மணி இருபது நிமிடத்துக்கு இரண்டு மணி.

"நாப்பது மணி நாப்பத்தஞ்சு நிமிஷம்," என்று எழுதி, கீழே கோடு போட்டார். கோடு மிக நேராக இருந்தது.

சும்மா ஓட்டி வந்திருந்தால் ஐந்து நிமிடம்தான் கூடியிருக்கும் என்று பிஜி கணக்குச் சொன்னாள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

யோசுவா பெஞ்சில் உட்கார்ந்தார். யூனியன் ஆபீசில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மூன்று வருடம். தினமும் காலை ஐந்தரைக்குப் போய் இரவு எட்டுக்கு வீடு.

"சுவாமிதாசே, உன்கிட்ட இதுவரைக்கும் நான் ஒண்ணும் கேட்டதில்ல," என்றார் மெதுவாக. "அந்த கிளாஸ மட்டும் வெட்டிரு. பென்ஷனுக்காக இல்ல. நான் பகல்ல இல்லேன்னா ரத்னாபாய் ஒத்தையில என்ன செய்வா? துணி கொண்டு வாறவங்கள யாரு வரிசையில நிறுத்துவா?"

கேரம் சத்தம் நின்றது. சுவாமிதாஸ் பிஜியைப் பார்த்தார். பிஜி சுவாமிதாசைப் பார்த்தாள்.

"சொல்லிரலாம் சாரே," என்றாள் பிஜி. "பாவம்."

சுவாமிதாஸ் விதிப்புத்தகத்தை மூடினார். பிஜியே மேஜை டிராயரைத் திறந்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தாள். பிளவுஸ் அளவு எழுதும் சிவப்புக் கோடு போட்ட தாள்.

"அண்ணா, இங்க ஆள் குறைவொண்ணும் இல்ல. ரத்னாபாய் சேச்சி எழுதித் தந்ததாக்கும்: 'பென்ஷன் நின்னா நிக்கட்டும், ஆளைத் திரும்ப எடுத்துக்கிடுங்க. நாப்பது மணிக்கூர் எனக்குப் போதாது.'"