கார்பனும் மாடிப்படி அம்மாவும்

ஒரு பெண்ணை மாடிப்படியின் நடுவில் நிறுத்தி, நாற்பது வருஷம் கீழே இறங்க விடாமல் வைத்திருந்தவன் நான். அவள் அந்தக் காலத்து ஹாலிவுட் நடிகை. அவளுடைய பத்து விநாடியைப் படச்சுருளிலிருந்து பிளேடால் வெட்டி எடுத்தேன். பழி கார்பன் மேல் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

கார்பன், தஞ்சாவூரில் ஒரு தியேட்டரின் ஆபரேட்டர். புரொஜெக்டருக்குள் வெளிச்சத்துக்காக எரிக்கும் கார்பன் குச்சி ஒன்று அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். பேர் அப்படி வந்தது. அவருடைய நிஜப் பேர் அவர் சம்சாரத்துக்கே சந்தேகம் என்பார்கள். காவிரி பாயும் இந்தச் சீமையில் சென்சாரை எதிர்த்துத் தனி ஆளாக யுத்தம் நடத்தியவர் அவர் ஒருவர்தான்.

வெட்டு விழுந்த இடம் வந்தால் திரையில் காட்சி ஒரு துள்ளு துள்ளும். உடனே பின்சுவரின் சின்ன ஓட்டையில் கார்பனின் வாய் தோன்றும்.

"இங்க ஒரு முத்தம் இருந்துச்சு. மெட்ராஸ்லயே எடுத்துக்கிட்டாங்க. அவங்கவங்க ஞாபகத்துலேருந்து சேத்துக்குங்க."

தரை டிக்கெட்டில் விசில் பறக்கும். நடவு முடிந்து கால் சேறு காயாமல் வந்தவர்களில் பாதிப் பேர் படத்துக்காக வரவில்லை, வெட்டுக்காகத்தான் வந்தார்கள். ஒரு பக்திப் படத்தில் சுருள் சற்றே துள்ளியதும், "கார்பன், இங்க என்ன இருந்துச்சு?" என்று நாலைந்து குரல்கள் கேட்டன.

"ஒண்ணும் இல்லப்பா. சாமி படம். கும்புட்டுட்டு ஒக்காருங்க."

நான் அப்போது காலேஜில் ஆங்கில ஆசிரியன், வேலை நிரந்தரமாகவில்லை. ஃபிலிம் சொசைட்டி ஒன்றுக்குச் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே தியேட்டரில் வெளிநாட்டுப் படங்கள் போடுவோம். ஒரு நாள் அந்த நடிகையின் கதையைக் கார்பனிடம் சொன்னேன். தன் படத்துக்குத் தானே வசனம் எழுதுபவள். தணிக்கைக்காரர்கள் வெட்டுவார்கள் என்று தெரிந்தே வேண்டுமென்று படுமோசமாக ஒரு வசனத்தை எழுதி வைப்பாள். அவர்கள் பதறிப்போய் அதை வெட்டுவார்கள். அவள் காப்பாற்ற நினைத்த வசனம் பக்கத்தில் பத்திரமாக இருக்கும். அப்படியும் ஒரு நாடகத்துக்காக ஜெயிலுக்குப் போய் வந்தவள்.

கார்பன் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். "என்ன மூளை சார் அம்மாவுக்கு" என்றார். அன்றிலிருந்து அவள் அவருக்கு அம்மா.

அடுத்த மாதமே அம்மாவின் வித்தை தஞ்சாவூரில் அரங்கேறியது. தியேட்டர் முதலாளி திருநீறு அழியாத மனிதர். புதுப்படம் வந்தால் முதலில் தனியாகப் போட்டுப் பார்த்து, பிடிக்காததை வெட்டச் சொல்வார். ஒரு புராணப் படத்தின் நடுவே கார்பன் எங்கிருந்தோ ஒரு காபரே துண்டை எடுத்து ஒட்டிவிட்டார். முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"ஏன்யா, கைலாசத்துல இந்தப் பொண்ணுக்கு என்ன வேலை?"

"எனக்கும் அதான் மொதலாளி புரியல. வெட்டிடவா?"

"மொதல்ல அத வெட்டு."

அந்தப் பதற்றத்தில் அதே படத்தில் இருந்த மோகினி நடனத்தை அவர் கவனிக்கவே இல்லை. அது முழுசாக ஓடியது.

எங்கள் சொசைட்டிக்கு அம்மாவின் படமே ஒரு சனிக்கிழமை வந்து இறங்கியது. மத்தியானம் காலி அரங்கில் சோதனைக்கு ஓட்டிப் பார்த்தோம். வெளிச்சக் கற்றையில் தூசு மெல்ல மிதந்தது. மாடிப்படியில் இறங்கி வந்தவள் நடுவில் நின்று, கைப்பிடியில் கை வைத்து எங்களைப் பார்த்தாள். பேசவில்லை. பத்து விநாடிதான். நான் ஆற்றில் மல்லாந்து மிதப்பதுபோல் இருந்தேன்.

"வசனத்த வெட்டலாம் சார்" என்றார் கார்பன். "இந்தக் கண்ணுல எந்த எடத்துல கத்திரி வைப்பாங்க?"

எந்த இடம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் முன்வரிசையில் பிரின்ஸ்பாலும் அவர் மனைவியும் உட்காரப் போகிறார்கள். என்னை நிரந்தரமாக்கும் காகிதம் அவர் மேஜையில் இருந்தது. காலையில் கார்பன் டீ குடிக்கப் போனதும் அந்தப் பதினைந்து அடியை வெட்டி, மிச்சத்தை ஒட்டி வைத்தேன்.

படத்தில் அம்மா மேல்படியில் இருந்தாள். அடுத்த கணம் தரையில் இருந்தாள். ஓட்டையில் குரல் வந்தது.

"இங்க பத்து செகண்டு இருந்துச்சு. நேத்து மத்தியானம் வரைக்கும் இருந்துச்சு. எவனோ எடுத்துட்டான்."

யாரும் விசில் அடிக்கவில்லை. இடைவேளையில் பிரின்ஸ்பாலின் மனைவி என்னிடம் வந்தார். "அந்த மாடிப்படி சீன் எங்க சார்? காலேஜ் படிக்கிறப்ப பாத்தது. அதுக்காகத்தான் இவர இழுத்துக்கிட்டு வந்தேன்."

படப்பெட்டி திரும்பிப் போனதும் நீளம் குறைகிறது என்று புகார் வந்தது. ஆபரேட்டர்கள் துண்டு திருடுவார்கள் என்பது ஊர் அறிந்த சந்தேகம். கார்பனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அதே மாதம் என் வேலை நிரந்தரமானது.

போன வருஷம், பழைய மாணவன் ஒருவன் மூலம் தெரிந்தது: கார்பன் மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். வெகுகாலம் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடும் வேலை பார்த்திருக்கிறார். மறுபடியும் ஆபரேட்டர்தான். அந்தப் பதினைந்து அடியைப் பூட்டி வைத்திருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன்.

"வெட்டினது நான்தான்" என்றேன்.

 "எம் மாமனாரு சாகுற வரைக்கும் எங்கூட ஒக்காந்து சாப்புடல சார். திருடன்கூட எப்புடின்னு" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்த ஜன்னல்கிட்ட போய்ச் சொல்லுங்க. தெருவுக்குக் கேக்கணும்."

சொன்னேன். வாய்க்கால் கரையில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டேன்.

"அத அப்பறம் பாப்போம். டப்பாவத் தொறங்க." சுருளிலிருந்து, கெட்டுப்போன பழைய ஃபிலிமுக்கே உரிய காடி வாசனை அடித்தது. மோந்து பார்த்தார். "ஓட்டுங்க."

"எதுல?"

"வாயில. எனக்குக் கண்ணு போயி ஆறு வருஷமாச்சு."

துண்டை வெயிலில் பிடித்தேன். "படியில நிக்கிறா."

"நிக்கிறாங்க. மரியாதையா ஓட்டுங்க."

"நிக்கிறாங்க. கைப்பிடியில கை. பாக்குறாங்க. அப்பறம் கீழ எறங்குறாங்க."

"துள்ளுது சார். நடுவுல எதையோ வெட்டுறீங்க."

பக்கத்தில் அவர் மருமகள் அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். ஓய்வுபெற்ற பேராசிரியனான நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "மூச்ச இழுக்குறாங்க. மாரு ஏறி எறங்குது. ஒதட்டோரத்துல ஒரு சிரிப்பு, தைரியம் இருந்தா வாடாங்குற மாதிரி." மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கார்பன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மன்னிப்பைப் பற்றி இன்றுவரை அவர் பேசவில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறிப் போய் ஓட்டிவிட்டு வருகிறேன். வழியெல்லாம் பஸ் ஜன்னலுக்கு வெளியே, வரப்பின் மேல் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அம்மா கூடவே நடந்து வருகிறார். போன தடவை ஜன்னலோரம் எனக்கு நாற்காலி போட்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று காலியாக இருந்தது.

"இது யாருக்கு?" என்றேன்.

"அம்மா எறங்கி வந்தா எங்க ஒக்காருவாங்க?"

நான் காலை மடக்கிக்கொண்டேன், வழி விட்டு.