மச்சினன் வளர்த்த பன்றிக்குடல் கிருமி

முனைவர் எஸ்கில் அவர்களுக்கு, நேற்றுவரை உன்னை ‘மச்சினா’ என்று அழைத்தவன் எழுதுவது. நானும் உன் அக்கா இங்கரும் நலம். உன் நலத்தை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

பால்குடி மறந்த பன்றிக்குட்டிகளுக்கெல்லாம் கழிச்சல். அதை நிறுத்தக் கொடுத்துவந்த துத்தநாகத் தூளுக்கும் அரசு தடை. கைபிசைந்து நின்ற என்னிடம் வந்து, “அத்தான், அந்தக் கிழட்டுப் பன்னியோட குட்டிக்கு மட்டும் ஏன் ஒண்ணும் வரல? அது குடல்ல இருக்கற நல்ல கிருமிதான். அதை வளத்துத் தரேன், மத்த குட்டிங்க வயித்துல போய்க் கெட்டதை விரட்டிரும்” என்றாய். நம்பினேன். அந்தப் பன்றியின் விட்டையை அள்ள உன் அக்காவின் வெள்ளிக் கரண்டியை எடுத்தாய், பொறுத்தேன். வளர்த்த கிருமியை அவள் தயிர் உறையவைக்கும் புட்டி ஒன்றில் ஊற்றி, “நீல மூடி குட்டிங்களுக்கு, செவப்பு மூடி அக்கா தயிர், உங்களுக்கு” என்று எங்கள் சமையலறைக் குளிர்பெட்டியிலேயே வைத்தாய், அதையும் பொறுத்தேன். அன்றுமுதல் குளித்து, உடைமாற்றி, தொழுவத்துக்குள் போய் ஒவ்வொரு வாயிலும் நீல மூடியை ஊற்றுகிறேன். சப்புக்கொட்டிக் குடிக்கின்றன. கழிச்சல் மட்டும் நிற்கவில்லை! செத்ததை ஏற்றிப்போகும் வண்டி நேற்றும் வந்தது. முழநீளக் குட்டிகள், எஸ்கில்.

உன் பல்கலைக்கழகம் சாதிக்காததை உன் அக்காவின் தயிர் சாதித்துவிட்டது, தெரியுமா? கோடையிலிருந்து என்னைப் பாடாய்ப்படுத்திய வயிற்றுப்போக்கு இப்போது போன இடம் தெரியவில்லை. ரை தானிய ரொட்டித் தூளும் பழுப்புச் சர்க்கரையும் தூவிச் சிவப்பு மூடிப் புட்டியிலிருந்து காலையில் ஒரு கிண்ணம், அவ்வளவுதான். கொஞ்சம் வாடை. “என்ன இங்கர், தயிர் தொழுவம் மாதிரி நாறுது?”ன்னு கேட்டா, “உங்க கையை மோந்து பாருங்க”ங்கறா. இதுக்குப் பேருதான்யா மருந்து! போய் உன் பேராசிரியர்கிட்ட சொல்லு.

நாளை கால்நடை மருத்துவர் எல்லாக் குட்டிகளுக்கும் ஊசி போடுகிறார். உன் ஆராய்ச்சி முடிந்தது. இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே. கிறிஸ்துமஸ் வாத்தை நாங்களே தின்றுகொள்வோம்.

உன் படிப்பு உனக்காவது உதவட்டும் என்ற ஆசியுடன்,
அத்தான் தோர்கில்

பி.கு.: உறையை ஒட்டும்போது உன் அக்கா எட்டிப் பார்த்தாள். “நீல மூடியா? அது என் தயிராச்சே! அன்னைக்கே ரெண்டு மூடியையும் கழுவி மாத்திப் போட்டுட்டேனே” என்கிறாள். ஊசி வேண்டாமென்று மருத்துவரிடம் சொல்லிவிட்டேன். மேலே எழுதியது எதையும் படிக்காதே, மச்சினா. வாத்து உனக்கும் உண்டு. உடனே கிளம்பு. இரண்டு புட்டி கொண்டுவா. ஒன்று குட்டிகளுக்கு.